சாலையிலிருந்து இறங்கி வந்த பந்தயம்

போன மாதம் பீளமேட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பையன் தூரத்து உறவில் மருமகன் முறை. சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டான். "அத்தை, நாங்க நாலு பேரு அடுத்த வருஷம் ஐரோப்பாவுல பைக்குல சுத்தப் போறோம். ரெண்டு வாரந்தான் லீவு. ஒரே ஒரு ரேஸ் பார்க்க முடியும். ஐல் ஆஃப் மேன் போலாம்னு பசங்க சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"அங்க வேண்டாம். முஜெல்லோ போ" என்றேன்.

"ஏனுங்கத்தை?" என்றான். அதற்குள் ரசம் வந்துவிட்டது. மாப்பிள்ளைத் தோழனைத் தேடி ஆளும் வந்துவிட்டது. பாதி இலையில் எழுந்து போனான். பந்தியில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் இல்லை அது. கோவையிலும் சென்னையிலும் இப்போது நிறையப் பேர் இப்படிக் கிளம்புகிறார்கள். மியூனிக்கிலோ மிலானிலோ இறங்கி, வாடகைக்கு வண்டி எடுத்து, ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிவிட்டு ஒரு பந்தயத்தையும் பார்த்துத் திரும்புகிறார்கள். அந்த ஒரு பந்தயம் எது என்ற கேள்விக்கு எனக்குத் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு நான் வந்து சேர்ந்த வழியையும் சொல்கிறேன்.

கணபதியில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை நடத்துகிறேன். அப்பாவின் பட்டறை, எனக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. வண்டி ஓட்டப் பழகியது அவருடைய யெஸ்டியில். தம்பி மியூனிக்கில் இருக்கிறான். அங்கேயே வேலை, அங்கேயே குடும்பம். 2024 மே மாதக் கடைசியில் இரண்டு வாரம் சேர்ந்து பயணம் போவது என்று முடிவு செய்தோம். போகும் இடத்தில் சண்டை வந்தது. அந்த வருஷம் முஜெல்லோவில் நடக்கும் இத்தாலி மோட்டார் சைக்கிள் பந்தயம் ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. பந்தயங்களும் அதே வாரம். இரண்டில் ஒன்றுதான்.

தம்பி தீவுப் பக்கம். அவன் சொன்ன காரணம் லேசானது இல்லை.

"அக்கா, இந்த வருஷம் ஜோயி டன்லப் ரெக்கார்டு உடையப் போகுது. இருபத்தாறு ஜெயிப்பு. அவரு போயி இருபத்துநாலு வருஷம் ஆச்சு, யாராலயும் தொட முடியல. இப்ப அவரோட தம்பி மகன் மைக்கேல் இருபத்தஞ்சுல நிக்கிறான். நாம பார்க்காம யாரு பார்க்கிறது?"

அந்தக் குடும்பத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். வட அயர்லாந்தின் பாலிமனி என்ற சிற்றூர்க்காரர்கள். ஜோயி டன்லப் 1977இலிருந்து 2000 வரை அந்தத் தீவில் இருபத்தாறு பந்தயங்கள் வென்றார். கூச்ச சுபாவம், பேச்சு குறைவு. வண்டியை வேன் ஒன்றில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு போவார். அதே வேனில் ருமேனியாவின் அனாதை இல்லங்களுக்கு உணவும் துணியும் ஏற்றிப் போனவர். 2000 ஜூலையில் எஸ்தோனியாவின் தாலினில் நடந்த பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தார். அவருடைய தம்பி ராபர்ட் 2008 மே மாதம் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 பந்தயத்தின் பயிற்சியில் இறந்தார். இரண்டு நாள் கழித்து, அதே சாலையில், ராபர்ட்டின் மகன் மைக்கேல் பந்தயத்தில் ஓடி வென்றான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. மைக்கேலின் அண்ணன் வில்லியம் 2018இல் டப்ளினுக்கு அருகே ஸ்கெரீஸ் பந்தயத்தில் இறந்தார். மூவர் போன வீட்டின் பிள்ளை, பெரியப்பாவின் சாதனையை முறியடிக்க வந்து நிற்கிறான். வீரம் என்ற சொல்லை நான் எளிதாகச் செலவழிப்பதில்லை. மைக்கேல் டன்லப்புக்கு அதைச் சொல்வேன்.

தீவின் பெருமையும் எனக்குத் தெரியாததில்லை. 1907இல் தொடங்கிய பந்தயம். 1911இலிருந்து மலைப்பாதையில் நடக்கிறது. ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 200-க்கும் அதிகமான வளைவுகள். ஊர்ச்சாலை அது. மற்ற நாளில் பள்ளிப் பேருந்தும் பால் வண்டியும் போகிற தார். ஒருவர்பின் ஒருவராகப் பத்து விநாடி இடைவெளியில் கிளப்பி விடுகிறார்கள். 2023இல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரி மணிக்கு 219 கிலோமீட்டர். உச்ச வேகம் இல்லை, சராசரி. வீட்டுச் சுவருக்கும் கைகாட்டி மரத்துக்கும் நடுவே.

அந்தத் தீவுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அதனால்தான் மறுபடி போகமாட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன்.

சில வருஷங்களுக்கு முன்பு அவனும் நானும் ஹெய்ஷாம் துறைமுகத்தில் கப்பல் ஏறி டக்ளஸில் இறங்கினோம். பலாஃப் என்ற சின்னக் கிராமத்தில் ஒரு கல்பாலம் இருக்கிறது. முதுகு தூக்கிய பாலம். வண்டிகள் அதன்மேல் ஏறியதும் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு வீட்டு முன்வாசலில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். தேவாலயத்துக்கு நிதி திரட்ட கேக்கும் தேநீரும் வைத்திருந்தார். சாலையை அடைத்துவிட்டால் பிறகு யாரும் குறுக்கே கடக்க முடியாது. எதிர்வீட்டுக்காரரும் அவரும் அந்த ஆறேழு மீட்டர் தாருக்கு இரண்டு பக்கமும் நின்று கையசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் சின்ன ரேடியோ. மேங்ஸ் ரேடியோவில் வர்ணனை.

முதல் வண்டி வருவது முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. தூரத்தில் துணி கிழிவது போல ஒரு சத்தம். பிறகு காலடியில் மண் அதிர்ந்தது. பிறகு ஒரு வண்ணக் கோடு, காற்று, முடிந்தது. என் கையிலிருந்த காகிதத் தட்டு பறந்துபோனது. எட்டடி தூரத்தில் ஒரு மனிதன் அந்த வேகத்தில் போவதை உடம்பு நம்பவில்லை. நான் கத்தினேன் என்று தம்பி பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை.

மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ சிவப்புக் கொடி. மார்ஷல்கள் கொடியை நீட்டினார்கள், வந்த வண்டிகள் வேகம் குறைந்து நின்றன. ரேடியோவில் வர்ணனையாளரின் குரல் மாறியது. பந்தயம் நிறுத்தப்பட்டது என்று மட்டும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. மலைப்பக்கம் ஒரு ஹெலிகாப்டர் போனது. அந்த வாசலில் முப்பது பேர் இருந்திருப்போம். ஒருவர் பேசவில்லை. வீட்டுக்கார அம்மா எழுந்து கேக்குகளின்மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடினார். ஈ வராமல் இருக்க மூடியதாக இருக்கலாம். என் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். இப்படி உட்கார்ந்து பழகியவர் அவர். எத்தனையாவது தடவையோ.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு செய்தி வந்தது. விழுந்தவருக்கு நினைவிருக்கிறது, மருத்துவமனையில் இருக்கிறார். அவர் பிழைத்தார். வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அந்த அம்மா துணியை எடுத்தார். தேநீர் ஊற்றினார். பந்தயம் மீண்டும் தொடங்கியது.

அந்த நாற்பது நிமிடம் என்னோடு இன்னும் இருக்கிறது. அங்கே நின்றவர்கள் யாரும் விபத்துப் பார்க்க வந்தவர்கள் இல்லை. ஓட்டுகிறவர்களைத் தங்கள் பிள்ளைகளைப் போல நினைக்கிறவர்கள். கொடி காட்டுகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஹெலிகாப்டர் மருத்துவர்களுக்கு ஈடு சொல்ல முடியாது. இவ்வளவு நல்ல மனிதர்கள் இவ்வளவு அக்கறையோடு செய்தும், அந்த மலைப்பாதையில் 1911இலிருந்து இறந்த போட்டியாளர்கள் 260-க்கும் மேல். 2007இல் பார்வையாளர்கள் இருவரும் இறந்தார்கள். 2022இல் மட்டும் ஆறு பேர். அவர்களில் தந்தையும் மகனும் ஒரே சைடுகாரில் போனவர்கள். எத்தனை அக்கறை இருந்தாலும் கல்சுவர் கல்சுவராகவே இருக்கிறது.

"ஓட்டறவன் தெரிஞ்சுதான ஓட்டறான்? யாரும் புடிச்சுத் தள்ளலையே" என்றான் தம்பி. உண்மை. அவர்கள் உரிமையில் நான் கை வைக்க வரவில்லை. அந்தப் பந்தயத்தை நிறுத்து என்று சொல்லவும் நான் யார்? தீவுக்காரர்களின் பந்தயம், அவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் நான் எங்கே போய் நிற்கிறேன் என்பது என் முடிவு.

என் பட்டறையில் இதே வாதத்தை வருஷத்துக்கு நாலு முறை கேட்கிறேன். ஹாபிங் மிஷினில் பல் வெட்டும்போது மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவான் ஒரு பையன். "பழக்கமாயிடுச்சுங்க்கா, ஒண்ணும் ஆகாது" என்பான். ஒன்றும் ஆகாது, ஆயிரம் தடவை. நான் தொழில் பழகிய இடத்தில் அப்படிச் சொன்ன ஒருவரின் இரண்டு விரல்கள் ஒரு மதிய நேரத்தில் போய்விட்டன. அவருக்கும் பழக்கந்தான். மூடி போடாமல் ஓட்டுவது அவன் இஷ்டம் என்று நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கமாட்டேன். மிஷினை நிறுத்துவேன். பந்தயத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. வேடிக்கை பார்க்காமல் இருக்க இருக்கிறது.

தம்பி ஒருநாள் போன் பண்ணாமல் இருந்தான். மறுநாள் "சரி, முஜெல்லோ" என்றான்.

(கல்யாண வீட்டுப் பையனுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஷெங்கன் விசா அந்தத் தீவுக்குச் செல்லாது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு பிரிட்டிஷ் விசா தனியாக வேண்டும். டி.டி. வாரத்துக்கான கப்பல் சீட்டுகள் வெகுமுன்னதாகவே தீர்ந்துவிடும். இது என் காரணம் இல்லை. ஆனால் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டிய விஷயம்.)

ஏன் முஜெல்லோ என்பதற்கு வருகிறேன். மியூனிக்கிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஆல்ப்ஸின் உயரமான கணவாய்களைப் பனி மூடியிருக்கும். மே மாதக் கடைசியில் ஸ்டெல்வியோ கணவாயை நம்பித் திட்டம் போடக்கூடாது. 2,750 மீட்டருக்கும் மேல் இருக்கிற சாலை, திறக்கும் தேதியை வானம்தான் சொல்லும். பிரென்னர் கணவாய் 1,370 மீட்டர்தான், வருஷம் முழுவதும் திறந்திருக்கும். அதன் வழியே இறங்கினால் போல்சானோ, மொதேனா, பொலோன்யா. அதுவரை பெரும்பாலும் நெடுஞ்சாலை. சொல்ல அதிகம் இல்லை.

பொலோன்யாவுக்குத் தெற்கேதான் பயணம் தொடங்குகிறது. ஃபுளோரன்ஸ் போகும் பழைய சாலை, எண் 65. வேகச்சாலை வந்த பிறகு லாரிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. பழைய சாலை எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சம். லோயானோ, மொங்கிதோரோ என்று ஊர்கள். செஸ்ட்நட் மரங்கள். ரத்திக்கோசா உச்சி 968 மீட்டர். அங்கே ஒரு காபிக்கடை. பந்தய வாரத்தில் கடைக்கு முன்னால் வண்டிகள் நம்மூர்த் தியேட்டர் ஸ்டாண்டு மாதிரி நெருக்கி நின்றன. நான் வாடகைக்கு எடுத்த பி.எம்.டபிள்யூ. எஃப் 750க்குப் பக்கத்தில், எழுபதுகளின் மோட்டோ குட்ஸி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார் ஒரு வெள்ளைத்தாடிப் பெரியவர். கையுறையைக் கழற்றினார். விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை. சோப்பு போட்டாலும் போகாத, என் பட்டறைப் பையன்கள் கையில் இருக்கிற அதே கறை. நான் என் கையைக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்துத் தலையாட்டினார். பாஷை தெரியவில்லை, தேவையும் படவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபூட்டா கணவாய். 903 மீட்டர். மேட்டின்மேல் இரண்டாம் உலகப் போரில் இறந்த ஜெர்மன் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். 30,000-க்கும் மேற்பட்டவர்கள். சுழல்போல மேலே ஏறும் சுவர், புல், சதுரக் கற்கள். பலருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. தம்பியின் மகனுக்குப் பதினெட்டு வயது. ஜெர்மானியப் பள்ளியில் படிக்கிறவன். தம்பி ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே போனான். வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. பந்தயம் பார்க்கப் போகிற வழியில் இப்படி ஒரு மணி நேரம் வரும் என்று யார் திட்டம் போடமுடியும்?

இந்தச் சாலையில்தான் முன்பு முஜெல்லோ பந்தயம் நடந்தது. ஸ்கார்பெரியாவில் கிளம்பி, மலையேறி, ஃபிரென்சுவோலா போய், ஃபூட்டா வழியே இறங்கும் 66 கிலோமீட்டர் சுற்று. தீவின் சுற்றைவிடப் பெரியது. 1920களில் ஓடினார்கள், 1960களில் கார்கள் மீண்டும் ஓடின. 1970 கடைசி. பிறகு பள்ளத்தாக்கில் தனியாக ஓடுகளம் கட்டினார்கள். 1974இல் திறந்தது. 1988இலிருந்து ஃபெராரிக்குச் சொந்தம். 5,245 மீட்டர் நீளம்.

என் வாதம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது. முஜெல்லோ ஒரு காலத்தில் ஐல் ஆஃப் மேன் மாதிரி இருந்தது. பிறகு பந்தயம் சாலையிலிருந்து இறங்கி ஓடுகளத்துக்குப் போனது. சாலை பயணிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. இரண்டும் இன்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் பழைய சுற்றின் வளைவுகளில் நம் வேகத்தில், நம் பயத்தோடு, ஓட்டலாம். பிற்பகலில் உலகின் சிறந்த வீரர்கள் அவர்கள் வேகத்தில் ஓடுவதைப் புல்மேட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். சாலைப் பயணத்தையும் பந்தயத்தையும் சேர்த்துப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது. மேட்டில் ஏறும்போது மூன்றாவது கியரில் ஒரு குருட்டு வளைவு வரும், வலப்பக்கம் பள்ளம். அங்கே ஒருமுறை பிரேக்கைப் பிடித்துப் பார்த்தபிறகு, கீழே ஓடுகளத்தில் ஒருவன் 300க்கும் மேலான வேகத்திலிருந்து முதல் வளைவுக்குப் பிரேக் பிடிப்பதன் அர்த்தம் கைவிரலுக்கே புரிகிறது.

ஓடுகளத்திலும் சாவு உண்டு. 2021 மே மாதம் இதே முஜெல்லோவில், ஜேசன் துபாஸ்கியே என்ற சுவிட்சர்லாந்துப் பையன், பத்தொன்பது வயது, தகுதிச்சுற்றில் விழுந்து, பின்னால் வந்த வண்டி மோதி, மறுநாள் இறந்தான். அதை மறைத்துவிட்டு நான் வாதாடினால் அது நேர்மை ஆகாது. நான் சொல்வது இதைத்தான்: ஓடுகளத்தில் ஒரு சுவர் அருகில் இருந்தால் தள்ளிக் கட்டலாம். சரளைப் படுகையை அகலப்படுத்தலாம். உடுப்புக்குள் ஏர்பேக் கட்டாயம் என்று 2018இலிருந்து சட்டம் போட்டார்கள், போடமுடிந்தது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் எதையாவது மாற்ற இடம் இருக்கிறது. பலாஃப் பாலத்தையும் அந்த அம்மாவின் வீட்டுச் சுவரையும் எங்கே தள்ளி வைப்பது?

வெள்ளிக்கிழமை பயிற்சியில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தோம். கொரென்டாயோ வளைவுக்கு மேலே புல்மேட்டில் இடம் பிடித்திருந்தோம். புல்மேட்டுச் சீட்டுதான் இருப்பதில் மலிவு, என் கருத்தில் இருப்பதில் சிறந்ததும் அதுவே. அங்கிருந்து ஓடுகளத்தின் பல வளைவுகள் ஒரே பார்வையில் தெரியும். ஒருவன் முன்சக்கரம் வழுக்கி விழுந்தான். வண்டி பல்டியடித்துச் சரளையில் புதைந்தது. அவன் முதுகில் சறுக்கிக்கொண்டே போய் நின்றான். என் கை தானாக வாயைப் பொத்தியது. அவன் எழுந்தான். ஏர்பேக் உப்பி, தோளெல்லாம் பெருத்து, கரடிக்குட்டி நடப்பது போல நான்கடி வைத்தான். கையுறையால் தொடையைத் தட்டித் தூசி துடைத்தான். மேடு முழுவதும் கைதட்டியது. எனக்கு முன்னால் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, காதுக்கு இளஞ்சிவப்பு ஒலித்தடுப்பான் மாட்டியவள், அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவனுக்கு டாட்டா காட்டினாள். அவன் கையசைத்தான். அவளுக்குத்தான் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

இரவைப் பற்றிச் சொல்லாவிட்டால் முஜெல்லோவைப் பற்றிச் சொன்னதாகாது. முஜெல்லோவில் யாரும் தூங்குவதில்லை என்று இத்தாலிக்காரர்கள் சொல்வார்கள். அப்படியே. மேடு முழுக்கக் கூடாரங்கள், அடுப்புப் புகை, பன்றி இறைச்சி வறுபடும் வாசனை. சங்கிலி கழற்றிய மரமறுக்கும் மிஷினை ஒருவர் தலைக்குமேல் தூக்கி முடுக்குவார். பழைய வண்டியின் என்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சைலன்ஸர் இல்லாமல், சிவக்கச் சிவக்க ஓட்டுவார்கள். ஒரு பட்டறைக்காரி என்ற முறையில் அந்தப் பிஸ்டனுக்காக எனக்கு மனசு வலித்தது. தூக்கம் முக்கியம் என்கிறவர்கள் மேட்டில் தங்கவேண்டாம். ஸ்கார்பெரியாவிலோ போர்கோ சான் லொரென்ஸோவிலோ அறை எடுங்கள். சிறு குழந்தை இருந்தால் கட்டாயம் அறைதான்.

ஞாயிற்றுக்கிழமை டுகாட்டி அணி தன் சிவப்பை விட்டுவிட்டு நீல நிறத்தில் வந்தது. இத்தாலிய விளையாட்டணிகளின் நீலம். அந்த அணியின் வீரர் பன்யாயா தண்டனையால் ஐந்தாவது இடத்திலிருந்து கிளம்பி, தொடக்கத்திலேயே முன்னால் போனவர், 23 சுற்றும் விடவில்லை. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் அதே அணியின் பஸ்தியானினி உள்ளே புகுந்து போட்டி வீரர் மார்ட்டினைத் தாண்டினார். பெரிய திரையில் அதைப் பார்த்த மேடு எழுப்பிய சத்தத்தில் கூடாரக் கயிறு அதிர்ந்தது. முடிந்ததும் வேலிக் கதவுகளைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஓடுகளத்துக்குள் ஓடினோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நானும் ஓடினேன். ஓரக்கல்லின் பச்சை வெள்ளை சிவப்பு வண்ணத்தின்மேல் முழங்கால் உரசிய கறுப்புக் கோடுகள். தாரில் டயர் உதிர்த்த ரப்பர்ச் சுருள்கள், இன்னும் பிசுபிசுப்பு போகாமல். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்றைப் பொறுக்கினேன். பட்டறை மேசை டிராயரில் மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மற்ற இடங்களுக்கும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் ஆசென் 1925இலிருந்து நடக்கும் பந்தயம். அதுவும் ஊர்ச்சாலையில் தொடங்கி 1955இல் ஓடுகளத்துக்கு வந்தது. பந்தயத்தை மட்டும் நினைத்தால் ஆசென்தான் முதலிடம் என்பவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். ஆனால் போகும் வழி பலகை மாதிரித் தட்டை, வண்டி ஓட்ட வருகிறவனுக்கு வளைவே கிடைக்காது. ஜூலையில் லீவு என்றால் ஜெர்மனியின் சாக்ஸன்ரிங். 1990 வரை ஊருக்குள் ஓடியது அதுவும். கோடையின் பிற்பகுதி என்றால் ஆஸ்திரியாவின் ஷ்பீல்பெர்க். கிராஸ்குளோக்னர் மலைச்சாலையை அதோடு சேர்த்துக்கொள்ளலாம், 1935இல் திறந்த அந்தச் சாலைக்கே ஒருநாள் கொடுக்கவேண்டும். பிரான்சின் லெ மான் பந்தயத்தின் கூட்டம் 2025இல் மூன்று நாளில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. அந்த நெரிசல் எனக்கு ஆகாது.

முஜெல்லோவின் தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும். 2024இல் ஜூன் 2, 2025இல் ஜூன் 22. தேதி பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள். ஆஸ்திரியாவின் டிரோல் பக்கம் சில மலைச்சாலைகளில் கோடையில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் பைக்குகளுக்குத் தடை உண்டு. வாடகை வண்டியின் பதிவுச் சான்றில் யு.1 என்ற கட்டத்தில் எண் இருக்கும், சாவி வாங்கும்போதே பாருங்கள். இத்தாலிய நகர மையங்களில் தடை செய்த பகுதி இருக்கலாம், விசாரிக்காமல் வண்டியை விடவேண்டாம். கேமரா படம் பிடிக்கும், அபராதம் ஆறு மாதம் கழித்துக் கோவை வீட்டுக் கதவைத் தட்டும். ஸ்கார்பெரியா நூற்றாண்டுகளாகக் கத்தி செய்கிற ஊர். அம்மாவுக்கு வெற்றிலைக் காம்பு கிள்ள, கொம்புப் பிடி போட்ட ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள்.

செவ்வாய்க்கிழமை திரும்பும் வழியில் மறுபடி ரத்திக்கோசா. கூட்டம் வடிந்துவிட்டிருந்தது. காபி வாங்கிக்கொண்டு வெளித்திண்ணையில் உட்கார்ந்தோம். தம்பி போனைப் பார்த்தான். ரொம்ப நேரம் தலை நிமிரவில்லை.

"அக்கா, மைக்கேல் ஜெயிச்சுட்டான். இருபத்தேழு. பெரியப்பாவைத் தாண்டிட்டான்."

எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பையனுக்காக, அவன் அப்பாவுக்காக, வேன் ஓட்டிக்கொண்டு ருமேனியா போன அந்தப் பெரியப்பாவுக்காக. நாம் அங்கே இருந்திருக்கலாமே என்று தம்பி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கோபித்திருக்கமாட்டேன்.

"மத்தவங்கெல்லாம் வந்து சேந்துட்டாங்களாடா?" என்று கேட்டேன்.

"இரு, பார்க்கறேன்" என்றான். அந்த வாரம் ஓடியவர்களின் பட்டியல் நீளமானது. விரலால் மேலே தள்ளித் தள்ளி, ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனான்.